தோங், லாரி, அட்டெண்டன்ட்: சிங்கப்பூரில் கழிவு சேகரிப்பு வேலையைப் பாதுகாப்பாகச் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

குப்பை லாரியின் பின்னால் வேலை செய்யும் அட்டெண்டன்ட், கட்டுமானத் தளத்தில் தோங் (கழிவு போடும் பெரிய இரும்புத் தொட்டி) இறக்கி ஏற்றும் ஹூக்லிஃப்ட் (கொக்கியால் தோங்கைத் தூக்கும் லாரி) ஓட்டுநர், இவர்களைக் காலையில் வேலைக்கு அனுப்பும் சூப்பர்வைசர். இந்த மூன்று பேரையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பாதுகாப்பு என்றதும் ஹெல்மெட், கையுறை, பூட்ஸ் ஆகியவைதான் முதலில் பேச்சில் வரும். இந்தத் தொழிலில் உயிரை எடுக்கக்கூடியவை வேறு: ரிவர்ஸில் வரும் லாரி, மேலிருந்து இறங்கும் டெயில்கேட் (லாரியின் பின்கதவு), கொக்கியிலிருந்து நழுவும் தோங். அத்தனை டன் எடை மேலே வந்தால் ஹெல்மெட் காப்பாற்றாது. அதனால் ஆபத்தைக் குறைக்கும் வேலையை, வாடிக்கையாளர் போன் செய்து தோங் கேட்கும் நிமிடத்திலேயே தொடங்க வேண்டும். தளத்துக்குப் போய் நின்ற பிறகு யோசித்தால், பின்னால் நேரம் ஓடிக்கொண்டிருக்கும், அடுத்த இடத்திலிருந்து போன் வந்துகொண்டிருக்கும், யாருக்கும் நிதானம் இருக்காது. வேலை நடக்கும் வரிசையிலேயே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் சட்டம், சுருக்கமாக

வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்தது. 2011 செப்டம்பர் முதல் அது எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்தும். ஆகவே அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் குப்பை அறையும், லாரி நிற்கும் சாலையோரமும், தோங் வைத்த கார்ப்பேட்டையும் உங்கள் வேலையிடம்தான்.

ஒவ்வொரு வேலைக்கும் முதலாளி இடர் மதிப்பீடு செய்து வைத்திருக்க வேண்டும். குறைந்தது 3 ஆண்டுகளுக்கு ஒரு முறை அதைத் திருத்திப் பார்க்க வேண்டும். விபத்து நடந்தாலோ, வேலை செய்யும் முறை மாறினாலோ அதுவரை காத்திருக்கக் கூடாது. உடனே பார்க்க வேண்டும். இந்தச் சட்டத்தின் கீழுள்ள விதிமுறைகளை மீறினால் விதிக்கக்கூடிய அதிகபட்ச அபராதம் 2024 ஜூன் முதல் 20,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளிக்கு உயர்ந்திருக்கிறது.

நாடு முழுவதும் வேலையிடங்களில் இறந்தவர்கள் 2022இல் 46 பேர், 2023இல் 36 பேர், 2024இல் 43 பேர். இந்த மரணங்களுக்கு வாகன விபத்து முன்னணிக் காரணங்களில் ஒன்று. நம் வேலையோ முழுக்க முழுக்க வாகனத்தைச் சுற்றி நடப்பது.

படி 1: ஆர்டர் எடுக்கும்போதே கேட்க வேண்டியவை

"ஒரு தோங் வேணும், நாளைக்கு அனுப்புங்க" என்று சொல்வார்கள். விலையையும் நேரத்தையும் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடாதீர்கள்.

என்ன கழிவு என்று கேளுங்கள். மரப்பலகை, பழைய சோபா என்றால் ஒரு கணக்கு. உடைத்த கான்கிரீட், ஓடு, மண் என்றால் வேறு கணக்கு. ஒரு கனமீட்டர் கான்கிரீட் சுமார் 2.4 டன் எடை. உடைத்துப் போட்டால் இடையில் வெற்றிடம் இருக்கும், அப்படியும் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் வந்துவிடும். 10 கனமீட்டர் தோங்கை விளிம்பு வரை இதனால் நிரப்பினால் 15 டன். பல லாரிகள் அதைத் தூக்கவே கூடாது. தூக்க முயன்றால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும், அல்லது ஹைட்ராலிக் குழாய் வெடிக்கும். கனமான கழிவுக்குச் சிறிய தோங் அனுப்புங்கள். இல்லையென்றால் தோங்கின் உள்பக்கம் பாதி உயரத்தில் பளிச்சென்று ஒரு கோடு போட்டு, "இதுக்கு மேல போடாதீங்க" என்று எழுத்திலும் கொடுத்துவிடுங்கள். மழையில் நனைந்த மண் இன்னும் கனக்கும். தோங்குக்குத் தார்ப்பாய் போட்டு வைக்கச் சொல்ல இதுவும் ஒரு காரணம்.

கட்டடம் எப்போது கட்டியது என்றும் கேளுங்கள். 1991க்கு முன் கட்டியதாக இருந்தால், இடிக்கும் முன்போ புதுப்பிக்கும் முன்போ ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று ஆய்வு செய்தாக வேண்டும். பழைய நெளிவுக் கூரைத் தகடு, கூரைப் பலகை போன்றவற்றில் அது இருக்கலாம். அந்தக் கழிவு நம் சாதாரணத் தோங்குக்குள் வரவே கூடாது. நச்சுத் தொழிற்கழிவு எடுக்க உரிமம் உள்ளவர்கள்தான் எடுக்க வேண்டும். அதன் தூள் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்படும். அன்றைக்கு இருமல்கூட வராது, அதனால்தான் ஆட்கள் அலட்சியமாக இருக்கிறார்கள்.

பேட்டரி, கேஸ் சிலிண்டர், பெயின்ட் டப்பா, தின்னர் எதையும் தோங்கில் போடக் கூடாது என்று வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். பழைய மின்சாதனங்களைத் தனியே சேகரிக்க 2021 ஜூலை முதல் தனித் திட்டம் நடக்கிறது, பல இடங்களில் அதற்கான பெட்டிகள் உண்டு. இதைச் சொன்னாலே பலர் கேட்டுக்கொள்வார்கள்.

உங்கள் நிறுவனத்தின் உரிமம் எந்த வகை என்பதும் ஆர்டர் எடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தேசிய சுற்றுப்புற வாரியம் கழிவு சேகரிப்பாளர்களுக்கு ஏ, பி, சி என மூன்று வகை உரிமம் தருகிறது. கட்டுமானக் கழிவு, மரம், தட்டுமுட்டுச் சாமான் ஒரு வகை. உணவு போன்ற அழுகும் கழிவு இன்னொரு வகை. கசடும் எண்ணெய்க் கொழுப்பும் மூன்றாவது. உரிமம் இல்லாத கழிவை எடுக்கப் போனால் சட்டச் சிக்கல் ஒரு பக்கம். அதைக் கையாளும் கருவியோ பயிற்சியோ உங்கள் ஆட்களிடம் இருக்காது என்பது அதைவிடப் பெரிய சிக்கல்.

படி 2: தோங் எங்கே உட்காரும்?

முடிந்தால் ஒருவர் முன்னதாக நேரில் போய்ப் பார்க்கட்டும். முடியாவிட்டால் இடத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். படத்தில் தரை, மேலே உள்ளவை, இருபுறமும் உள்ள வழி எல்லாம் தெரிய வேண்டும்.

தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். வடிகால் மூடி, மேன்ஹோல் மூடி, புதிதாக மூடிய பள்ளம், புல்தரை ஆகியவற்றின் மேல் தோங்கையோ லாரியின் பின்சக்கரத்தையோ நிறுத்தாதீர்கள். தோங்கை ஏற்றும்போது பாரத்தின் பெரும்பகுதி பின்சக்கரத்துக்குப் போகும், அப்போதுதான் மூடி உடையும்.

அப்புறம் தலைக்கு மேலே பாருங்கள். சிங்கப்பூரில் மின்கம்பிகள் பெரும்பாலும் நிலத்துக்கடியில் போகின்றன. அந்தத் தைரியத்தில் ஓட்டுநர்கள் மேலே பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள். புளோக்குகளை இணைக்கும் நடைபாதைக் கூரை, கார்ப்பேட்டை நுழைவாயிலின் உயரத் தடுப்பு, மரக்கிளை, பல்மாடிக் கட்டடத்தின் தளம் எல்லாம் ஹூக்கின் கை உயரும் தூரத்தில்தான் இருக்கின்றன. சாலையில் 4.5 மீட்டருக்கு மேல் உயரமான வாகனம் சிறப்பு ஏற்பாடு இல்லாமல் போகக் கூடாது. கையைக் கீழே இறக்காமலே கிளம்பிய லாரி அந்த உயரத்தை எளிதாகத் தாண்டிவிடும், மேம்பாலத்தில் மோதும். கை முழுதாக இறங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே கிளம்புங்கள். எச்சரிக்கை விளக்கை மட்டும் நம்பாதீர்கள், விளக்கும் பழுதாகும்.

பொதுச் சாலையில் அனுமதியில்லாமல் தோங் வைக்காதீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டையில் வைப்பதென்றால் நகர மன்றத்திடம் கேட்டுவிடுங்கள். தீயணைப்பு வண்டி வரும் வழியையும் ஹைட்ரன்டையும் மறைக்கவே கூடாது. இரவில் இருக்கப்போகும் தோங்கின் நான்கு மூலையிலும் ஒளிபிரதிபலிக்கும் பட்டை ஒட்டுங்கள்; சைக்கிளில் வருபவர்களுக்குச் சாம்பல் நிறத் தோங் இருட்டில் தெரியாது.

வெறுமனே நிற்கும் தோங்கில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு பெருகும். டெங்கி முதலில் தாக்குவது பக்கத்தில் வேலை செய்பவர்களையும் குடியிருப்பவர்களையும்தான். காலித் தோங்கை மூடி வையுங்கள், மழை பெய்தால் மறுநாளே போய்ப் பாருங்கள்.

படி 3: கிளம்பும் முன் லாரியைச் சுற்றி ஒரு நடை

டயர், பிரேக், விளக்கு, கண்ணாடி, ரிவர்ஸ் கேமரா, ரிவர்ஸ் அலாரம், அவசர நிறுத்தப் பொத்தான், ஹைட்ராலிக் கசிவு, ஹூக்கின் பூட்டு. இவற்றை ஓட்டுநரும் அட்டெண்டன்டும் சேர்ந்தே பார்க்கட்டும். அவசர நிறுத்தப் பொத்தானை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். அதைச் சோதிக்க விபத்து நாள்வரை காத்திருப்பது கொடுமை. பழுது இருந்தால் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது மத்தியானத்துக்குள் மறந்துபோகும். பழுதான லாரியை அனுப்பும் சூப்பர்வைசர் அதன் விளைவுக்கும் பொறுப்பாவார்.

படி 4: ரிவர்ஸ்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ரிவர்ஸே தேவைப்படாத வழியைத்தான் முதலில் தேட வேண்டும். குப்பை எடுக்கும் பாதையைத் திட்டமிடும்போது, சுற்றிவந்து நேராக வெளியேறும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிடம் கூடினாலும் அதையே எடுங்கள்.

ரிவர்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்றால் வழிகாட்ட ஒருவர் வேண்டும், ஒருவர் மட்டும். இரண்டு பேர் கை காட்டினால் ஓட்டுநர் யாரைப் பார்ப்பார்? வழிகாட்டுபவர் லாரிக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது. பக்கவாட்டில், ஓட்டுநரின் கண்ணாடியில் அவர் முகம் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். ஓட்டுநரின் முகம் உங்களுக்குக் கண்ணாடியில் தெரியவில்லையா? அப்படியானால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. வழிகாட்டுபவர் பார்வையிலிருந்து மறைந்த நொடியிலேயே ஓட்டுநர் பிரேக்கில் கால் வைக்க வேண்டும். "அங்கதான் இருப்பான்" என்ற ஊகத்தில்தான் ஆள் சக்கரத்துக்கடியில் போகிறார்.

கை சைகைகளை முன்பே பேசி வையுங்கள். ஒரு லாரியில் தமிழர், வங்காளதேசத்தவர், சீனர், மலாய்க்காரர் என்று சேர்ந்து வேலை செய்வது இங்கே சகஜம். "நில்லு", "தாமோ", "ஸ்டாப்" என்று ஆளுக்கொரு சத்தம் போட்டால், எஞ்சின் இரைச்சலில் எதுவும் கேட்காது. நிறுத்து என்பதற்கு எல்லாரும் ஒரே சைகையைக் காட்டப் பழகுங்கள், புதியவர் சேரும் அன்றே அதைக் காட்டிக் கொடுங்கள். வழிகாட்டும்போது போனைத் தொடக் கூடாது.

லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது பின் படிக்கட்டில் யாரும் நிற்கக் கூடாது. கால் நழுவினால் விழுவது லாரி வரும் பாதையிலேயேதான். ஒரு பேட்டையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது எல்லாரும் கேபினுக்குள் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

வீவக புளோக்குகளின் பக்கம் காலை நேரத்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் உடற்பயிற்சிக்கு இறங்கும் முதியவர்களும் அதிகம். முதியவர்கள் பலருக்கு அலாரம் காதில் விழாது. விழுந்தாலும் வேகமாக விலக முடியாது. அந்த நேரத்தைத் தவிர்க்கும்படி பாதையை அமைக்கச் சொல்லி சூப்பர்வைசரிடம் கேளுங்கள். அது நியாயமான கோரிக்கை.

படி 5: தோங்கை ஏற்றுவதும் இறக்குவதும்

கொக்கி மாட்டும்போது ஓட்டுநரைத் தவிர யாரும் அருகில் இருக்கக் கூடாது. தோங்கின் நீளத்துக்கு இணையான தூரத்தைச் சுற்றிலும் காலியாக வைத்திருங்கள். கூம்பு வைத்து மறித்துவிட்டால் வாக்குவாதமும் குறையும், ஏனென்றால் தளத்தில் இருப்பவர்களுக்கு நம் வேலையின் ஆபத்து தெரியாது, குறுக்கே நடப்பார்கள்.

கொக்கி கம்பியில் முழுதாக உட்கார்ந்து, பாதுகாப்புத் தாழ் விழுந்ததைப் பார்த்துவிட்டு, தோங்கைச் சிறிது மட்டும் தூக்கி நிறுத்துங்கள். பாரம் ஒரு பக்கம் சாய்கிறதா, லாரியின் முன்பக்கம் எழும்புகிறதா என்று அந்தச் சில நொடியில் தெரிந்துவிடும். சரியில்லை என்றால் இறக்கிவிட்டு, கொஞ்சம் கழிவை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, எப்படியாச்சும் தூக்கிடுங்கண்ணே" என்று தளத்து ஃபோர்மேன் கெஞ்சுவார். பணிவாக மறுத்துவிட்டு அலுவலகத்துக்குப் போன் போடுங்கள். அந்த இடத்தில் ஓட்டுநரின் பக்கம் அலுவலகம் நிற்குமா என்பதுதான் ஒரு நிறுவனத்தின் பாதுகாப்பை எனக்குக் காட்டும். சுவரில் மாட்டிய பிஸ்சேஃப் என்ற பாதுகாப்புச் சான்றிதழைவிட அதையே நான் நம்புவேன்.

தார்ப்பாய் அல்லது வலை போட தோங்கின் மேல் ஏறி நடப்பதை நிறுத்துங்கள். குவிந்த கழிவின் மேல் பிடிமானம் கிடையாது. தரையில் நின்றபடி நீளக் கழியால் இழுத்து மூடலாம். தானாக மூடும் கருவி பொருத்திய லாரிகளும் இருக்கின்றன, செலவுக்குத் தகுந்த பலன் உண்டு. விளிம்புக்கு மேல் குவித்திருந்தால் மூடவே முடியாது, எனவே அதை ஏற்றாதீர்கள். தோங்கின் பின்கதவைத் திறக்கும்போது நேர் எதிரே நிற்காமல் பக்கத்தில் நில்லுங்கள். உள்ளே சாய்ந்திருக்கும் கழிவு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

படி 6: கம்பாக்டர்

கம்பாக்டர் என்பது குப்பையை நசுக்கி ஏற்றும் லாரி. பின்னால் குப்பையை வாங்கி உள்ளே தள்ளும் அதன் தகட்டுக்குக் கையும் குப்பையும் ஒன்றுதான். தகடு நகரும்போது எதையும் உள்ளே தள்ளவோ வெளியே இழுக்கவோ கூடாது. பையின் வார் கையில் மாட்டிக்கொள்ளும், தளர்ந்த கையுறை சிக்கும்.

அடைப்பு ஏற்பட்டால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். எஞ்சினை நிறுத்துங்கள். சாவியை எடுத்து, அடைப்பை எடுக்கப் போகிறவரே தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுப்பாட்டுப் பலகையில் "ஆள் வேலை செய்கிறார், இயக்காதே" என்று அட்டை மாட்டுங்கள். ஹைட்ராலிக் அழுத்தத்தை விடுவியுங்கள். எஞ்சின் நின்ற பிறகும் எண்ணெயில் அழுத்தம் தங்கியிருக்கும், தகடு திடீரென நகரும். டெயில்கேட் தூக்கிய நிலையில் இருந்தால் அதற்கான தாங்குகம்பியைப் பூட்டும்வரை தலையைக்கூட உள்ளே நீட்டாதீர்கள். முடிந்தவரை நீளக் கொக்கியால் இழுங்கள். உள்ளே இறங்கித்தான் எடுக்க வேண்டும் என்றால் அது பட்டறையில், பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை.

உள்ளே புகை வந்தால் கட்டடம், மரம், வண்டிகளை விட்டு விலகிய இடத்தில் நிறுத்தி, எல்லாரும் இறங்கித் தள்ளிப்போய், 995ஐ அழையுங்கள். என்ன எரிகிறது என்று பார்க்க டெயில்கேட்டைத் திறந்தால் காற்றுப் புகுந்து தீ வளரும்.

படி 7: கை படும் குப்பை

பையை உடலோடு அணைத்துத் தூக்காதீர்கள், அடியில் கை கொடுக்காதீர்கள். ஊசியும் கண்ணாடியும் அடியில்தான் இருக்கும். வாயைப் பிடித்து, உடம்பிலிருந்து தள்ளி எடுங்கள். கையுறை வெட்டுத் தாங்கும் வகையாகவும், பூட்ஸ் ஆணி ஏறாத அடித்தகடு உள்ளதாகவும் இருக்கட்டும். இவற்றை முதலாளி தர வேண்டும், அதற்குச் சம்பளத்தில் காசு பிடிக்கக் கூடாது. ஊசி குத்தினால் பிழிந்து நிற்காமல் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி, அன்றே மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிகள் போட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். எலி நடமாடும் குப்பை அறையில் வேலை செய்த பின் காய்ச்சல் வந்தால், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

660 லிட்டர் தொட்டியை இழுக்காமல் இருவராகத் தள்ளுங்கள். குப்பைக் குழாய்க்கு அடியில் உள்ள தொட்டியை மாற்றும் முன் குழாயின் தடுப்பை மூடுங்கள்; மேல்மாடியிலிருந்து எந்த நொடியும் பாட்டில் விழலாம்.

கசடு, கொழுப்புத் தொட்டி எடுப்பவர்களுக்கு மட்டும்

மூடிய தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் முதலில் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். 2024 மே மாதம் சுவா சூ காங் நீர் ஆலையில் தொட்டி சுத்தம் செய்த ஊழியர் ஒருவர் இந்த வாயுவால் இறந்தார். வாயுவை அளக்காமல், அனுமதிச் சீட்டு இல்லாமல், வெளியே கவனிக்க ஆள் இல்லாமல் இறங்காதீர்கள். உள்ளே ஒருவர் மயங்கினால் காப்பாற்றக் குதிக்காதீர்கள். கலங்கிப்போய்க் குதித்த இரண்டாவது ஆளும் விழுவது பல நாடுகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. 995ஐ அழையுங்கள், காற்றோட்டம் கொடுங்கள்.

வெயிலும் நேரமும்

2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு வெப்ப அழுத்தத்துக்கான வழிமுறைகளைக் கடுமையாக்கியது. டபிள்யூபிஜிடி என்ற அளவு 32 டிகிரியை எட்டினால், கடும் உடலுழைப்பு செய்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு தர வேண்டும். இது வழக்கமான வெப்பநிலை அல்ல. ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்ந்தது, மைஎன்வி செயலியில் பார்க்கலாம். ஊரிலிருந்து புதிதாக வந்தவரையும், விடுப்பு முடிந்து திரும்பியவரையும் முதல் வாரம் மெதுவாகப் பழக்குங்கள். நம் ஊர் வெயிலுக்குப் பழகியவர்தானே என்று நினைக்காதீர்கள், இங்குள்ள ஈரப்பதம் வேறு. தண்ணீர் கேபினில் இருக்கட்டும். கழிவறைக்கு இடமில்லை என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்பவர்கள் நிறைய. பாதையில் எங்கெங்கே கழிவறை இருக்கிறது என்று சூப்பர்வைசர் குறித்துக் கொடுத்தால் இந்தப் பிரச்சினை பாதி தீரும்.

ஒரு நாளில் வேலை 12 மணி நேரத்துக்கு மேலும், மாதத்தில் ஓவர்டைம் 72 மணி நேரத்துக்கு மேலும் போகக் கூடாது என்பது பொது விதி. அந்த 12 மணி நேரத்தில் ஓவர்டைமும் அடக்கம். தூக்கமில்லாத ஓட்டுநருக்கு ரிவர்ஸ் கேமரா உதவாது.

அடிபட்டால்

முதலில் லாரியை நிறுத்துங்கள், 995ஐ அழையுங்கள். அன்றே முதலாளியிடம் சொல்லுங்கள், குறுஞ்செய்தியாக எழுதி அனுப்புங்கள். இடத்தையும் லாரியையும் படம் எடுங்கள். மருத்துவரிடம் "வேலையில் நடந்தது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பின்னால் இழப்பீடு கேட்கும்போது அந்த ஒரு வரி உங்களுக்கு எதிராக நிற்கும்.

வேலையில் ஏற்படும் காயத்துக்கான இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ், தவறு உங்களுடையதாக இருந்தாலும் பொதுவாக இழப்பீடு உண்டு. மருத்துவச் செலவும் விடுப்புச் சம்பளமும் முதலாளி தர வேண்டும்: வெளிநோயாளியாக 14 நாள் வரையும், மருத்துவமனை விடுப்பாக 60 நாள் வரையும் முழுச் சம்பளம், அதற்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கு. உடலுழைப்பு செய்பவர் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் அவருக்குக் காப்புறுதி எடுப்பது கட்டாயம். கோரிக்கையை விபத்து நடந்து ஓராண்டுக்குள் வைக்க வேண்டும்.

2020 செப்டம்பர் முதல் ஒரு நாள் மருத்துவ விடுப்போ, இலகு வேலையோ கொடுக்கப்பட்டால்கூட முதலாளி அமைச்சுக்கு அறிவித்தாக வேண்டும், அதற்கு 10 நாள் அவகாசம். அறிவிக்கவில்லை என்று தெரிந்தால் நீங்களே அமைச்சிடம் போகலாம். ஆபத்தான நிலையைப் பார்த்தால் அமைச்சின் ஸ்னாப்சேஃப் என்ற புகார்ச் சேவை வழியாகப் படத்தோடு அனுப்பலாம். தனியாகப் போகத் தயங்கும் வெளிநாட்டு ஊழியர்கள், வெளிநாட்டு ஊழியர் நிலையத்தை எந்த நேரமும் 6536 2692 என்ற எண்ணில் அழைக்கலாம்.

சூப்பர்வைசருக்கு ஒன்று. விபத்து நடந்த மறுநாள் காலை அந்தப் பாதைக்கு வேறு ஆளை அனுப்பும் முன், அந்த இடத்தின் இடர் மதிப்பீட்டைத் திறந்து, அதே லாரியில் போகிறவர்களோடு உட்கார்ந்து திருத்துங்கள். என்ன மாற்றினீர்கள் என்பதைத் தமிழிலும், குழுவில் மற்றவர்கள் பேசும் மொழியிலும் சொல்லிவிட்டு, அவர்கள் திரும்பச் சொல்லிக் காட்டிய பிறகு சாவியைக் கொடுங்கள்.